சட்டப்படி ஒரு போங்கு ஆட்டம்

1979 மே 24 அன்று இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் தொடங்கிய ஒருநாள் ஆட்டம் இருபது நிமிடத்துக்குள் முடிந்துபோனது. பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் கோப்பைக்கான ஆட்டம். முதலில் மட்டை பிடித்த சாமர்செட் அணி ஒரே ஒரு ஓவர் ஆடியது. அந்த ஓவரில் வான்பர்ன் ஹோல்டர் வீசிய நோபாலால் ஒரு ரன் வந்தது. ஓவர் முடிந்ததும் சாமர்செட் கேப்டன் பிரையன் ரோஸ் டிக்ளேர் செய்துவிட்டு உள்ளே போய்விட்டார். இரண்டு ரன் எடுத்தால் வெற்றி என்ற நிலையில் இறங்கிய வூஸ்டர்ஷயர், பத்துப் பந்தில் எடுத்து முடித்தது. காசு கொடுத்து வந்திருந்த கொஞ்சப் பேருக்கும் நுழைவுக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினார்கள்.

ரோஸுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. அவர் கணக்குப் போட்டிருந்தார். அதற்கு முன் ஆடிய மூன்று ஆட்டங்களையும் வென்று, ஒன்பது புள்ளிகளோடு அவருடைய அணி குழுவின் உச்சியில் இருந்தது. வூஸ்டர்ஷயரும் கிளமார்கனும் அதே ஒன்பது புள்ளியை எட்டிவிட வாய்ப்பிருந்தது. புள்ளிகள் சமமானால் பந்துவீச்சின் கணக்கைப் பார்ப்பார்கள்: எந்த அணி குறைந்த பந்துகளுக்கு ஒரு விக்கெட் வீதம் எடுத்திருக்கிறதோ, அது காலிறுதிக்குப் போகும். அந்தக் கணக்கில் சாமர்செட் நல்ல நிலையில் இருந்தது. முழு ஆட்டம் ஆடி, ஐம்பது சொச்சம் ஓவர் வீசி, விக்கெட் விழாமல் தோற்றால் மட்டும்தான் அந்த நிலை கெடும். ஆகவே தோற்கலாம், ஆனால் மிகக் குறைவான பந்துகளில் தோற்க வேண்டும். விக்கெட் இல்லாமல் பத்துப் பந்து வீசினால் சராசரி அசையாது.

விதிப்புத்தகத்தில் இதைத் தடுக்கும் வரி எதுவும் இல்லை. டெஸ்ட் ஆட்டத்தில் டிக்ளேர் செய்யும் உரிமை கேப்டனுக்கு உண்டு. ஒருநாள் போட்டிக்கு அந்த உரிமை கிடையாது என்று எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. எந்த மடையன் தன் ஓவர்களை விட்டுக்கொடுப்பான் என்று நினைத்திருப்பார்கள். ஒரு வாரத்துக்குள் இங்கிலாந்தின் கிரிக்கெட் வாரியம் கூடியது. 17க்கு 1 என்ற வாக்கில் சாமர்செட்டைப் போட்டியிலிருந்து வெளியேற்றியது. கிளமார்கன் அந்த இடத்துக்கு வந்தது. டிக்ளேர் செய்வது ஒருநாள் ஆட்டங்களில் தடைசெய்யப்பட்டது.

இந்தத் தண்டனையை நான் பலமுறை யோசித்ததுண்டு. எந்த விதியையும் மீறாத ஓர் அணியை விதிகளைக் காக்கும் அமைப்பு தண்டித்தது. நீதிமன்றத்தில் இப்படி நடந்தால் ஒப்புக்கொள்வோமா? குற்றம் என்று எழுதப்படாத செயலுக்கு, செய்து முடித்த பிறகு தண்டனை. ஆனாலும் அன்றைக்கு இங்கிலாந்தில் பெரும்பாலோருக்கு அது சரியென்றே பட்டது. எனக்கும் சரியென்றே படுகிறது. ஏன் சரி என்று சொல்லப் போனால்தான் சிக்கல் தொடங்குகிறது. ‘ஆட்டத்தின் மாண்பைக் கெடுத்துவிட்டார்’ என்பது எளிய பதில். பந்து வீசும் முன்பே மறுமுனை மட்டையாளரை ரன் அவுட் ஆக்கிய ரவிச்சந்திரன் அஸ்வினுக்கும் தீப்தி ஷர்மாவுக்கும் எதிராகவும் அதே பதிலைத்தான் சொன்னார்கள். அவர்கள் விஷயத்தில் அது எனக்குச் சரியென்று படவில்லை. ஒரே சொல் இரண்டு வேறு செயல்களின் மீது விழும்போது, அந்தச் சொல்லை விட்டுவிட்டுச் செயல்களைத்தான் பார்க்க வேண்டும்.

கிரிக்கெட் விதிகளின் வரலாறு பெரும்பாலும் ஓட்டைகளின் வரலாறுதான். 1771 செப்டம்பரில் செர்ட்சி அணிக்காக ஆடிய தாமஸ் ஒயிட் என்பவர் ஸ்டம்புகளை முழுவதும் மறைக்கும் அகலத்தில் ஒரு மட்டையோடு வந்து நின்றார். மட்டை இவ்வளவு அகலம்தான் இருக்கலாம் என்று அதுவரை எங்கும் எழுதியிருக்கவில்லை. எதிரணியான ஹாம்பிள்டன் கிளப் இரண்டே நாளில் நான்கேகால் அங்குலம் என்று எல்லை வகுத்துத் தீர்மானம் எழுதியது. கோலியின் மட்டைக்கும் ஸ்மித்தின் மட்டைக்கும் இன்றுவரை அந்த நான்கேகால் அங்குலம்தான் அளவு.

1896இல் லார்ட்ஸ் மைதானத்தில் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் மோதியபோது நடந்தது இன்னும் விநோதம். அந்தக் காலத்தில் 120 ரன் பின்தங்கிய அணி கட்டாயமாக ஃபாலோ ஆன் ஆட வேண்டும். எதிரணிக்கு அதில் விருப்பம் இருக்கிறதா என்று கேட்கமாட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் கடைசி ஜோடி களத்தில் இருந்தது. களைத்துப்போன பந்துவீச்சாளர்களோடு உடனே மறுபடி பந்துவீச கேம்பிரிட்ஜ் கேப்டன் ஃபிராங்க் மிட்சல் விரும்பவில்லை. அவர் சொல்லி, பந்துவீச்சாளர் ஷைன் மூன்று பந்துகளை வேண்டுமென்றே எல்லைக்கோட்டுக்கு வீசி, பன்னிரண்டு ரன்களை இனாமாகக் கொடுத்து, ஆக்ஸ்ஃபோர்டை ஃபாலோ ஆனிலிருந்து ‘காப்பாற்றினார்’. கனவான்களின் பிள்ளைகள் ஆடிய ஆட்டத்தில், கனவான்கள் நிறைந்த கூடத்திலிருந்து கூச்சலும் ஏளனமும் எழுந்தன. கடைசி இன்னிங்ஸில் 330 ரன் துரத்தி ஆக்ஸ்ஃபோர்டே வென்றது. சில ஆண்டுகளில், 1900இல், ஃபாலோ ஆன் கொடுப்பதும் விடுவதும் முன்னிலை பெற்ற கேப்டனின் விருப்பம் ஆனது. மிட்சல் செய்தது அழகான காரியமல்ல. ஆனால் கட்டாய ஃபாலோ ஆன் ஒரு மோசமான விதி என்பதை அவரளவு தெளிவாக வேறு யாரும் காட்டியிருக்க முடியாது.

1979ஐ ஓட்டைகளின் ஆண்டு என்றே சொல்லலாம். நவம்பர் 28 அன்று சிட்னியில் மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கடைசிப் பந்தில் மூன்று ரன் தேவைப்பட்டது. இங்கிலாந்து கேப்டன் மைக் பிரியர்லி, விக்கெட் கீப்பர் டேவிட் பேர்ஸ்டோவையும் சேர்த்து அத்தனை பேரையும் எல்லைக்கோட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். இங்கிலாந்து வென்றது, அடுத்த பருவத்திலேயே ஆஸ்திரேலியாவில் களத்தடுப்பு வட்டம் வந்துவிட்டது. அதே பிரியர்லி மூன்று வாரம்கூட ஆகுமுன் பெர்த்தில் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு ஆட வந்தபோது, பந்து பாழாகிறது என்று முறையிட்டார். மட்டை மரத்தால்தான் இருக்க வேண்டும் என்று அன்றைய விதி சொல்லவில்லை. மறு ஆண்டு சொன்னது. அலுமினிய மட்டையைக் கீழே போடச் சொல்லி லில்லியோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்த ஆஸ்திரேலியக் கேப்டனின் பெயர் கிரெக் சாப்பல்.

இந்தச் சாப்பல்தான் 1981 பிப்ரவரி 1 அன்று மெல்போர்னில் தம்பி டிரெவரைக் கூப்பிட்டு, கடைசிப் பந்தைத் தரையில் உருட்டிவிடச் சொன்னார். நியூசிலாந்து ஆட்டத்தைச் சமன் செய்ய ஆறு ரன் வேண்டும். எதிரே நின்றவர் பிரையன் மெக்கெக்னி. அப்போதுதான் களத்துக்கு வந்தவர், பந்துவீச்சாளராக ஆடுபவர். அவர் அந்தப் பெரிய மைதானத்தில் சிக்ஸர் அடிக்கும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. அந்த மிகமிகக் குறைவையும் இல்லாமல் ஆக்க நினைத்தார் சாப்பல். எல்லாம் முறைப்படியே நடந்தது: பந்து எப்படி வரப்போகிறது என்று நடுவரிடம் சொன்னார்கள், நடுவர் மட்டையாளரிடம் சொன்னார். இங்கிலாந்தின் ஒருநாள் போட்டிகளில் இப்படி வீசுவது ஏற்கெனவே தடைசெய்யப்பட்டிருந்தது. ஆஸ்திரேலியப் போட்டி விதிகளில் அந்தத் தடை இல்லை. மெக்கெக்னி உருண்டு வந்த பந்தைத் தடுத்துவிட்டு மட்டையை வீசியெறிந்தார். நியூசிலாந்துப் பிரதமர் ராபர்ட் மல்டூன் அதைக் கோழைத்தனம் என்றார். ஆஸ்திரேலியர்கள் மஞ்சள் உடை அணிவது பொருத்தமே என்று குத்தினார். ஆஸ்திரேலியப் பிரதமர் மால்கம் ஃபிரேசரும் சொந்த நாட்டு அணிக்குப் பரிந்து பேசவில்லை.

ரோஸையும் சாப்பலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. இருவரும் எதிராளியை ஏமாற்றவில்லை. இருவரும் வெளிப்படையாகத்தான் செய்தார்கள். அவர்கள் செய்தது, போட்டி என்ற ஒன்று நடக்கவிடாமல் பார்த்துக்கொண்டது. வூஸ்டர்ஷயர் மோதுவதற்கு எதிரே ஓர் அணி இல்லை. மெக்கெக்னி அடிப்பதற்கு ஒரு பந்து இல்லை. ஓட்டையைப் பயன்படுத்தியவர் ஆட்டத்துக்குள் நின்று பயன்படுத்தினாரா, ஆட்டத்தைவிட்டு வெளியே ஓடப் பயன்படுத்தினாரா என்று கேட்டால் பல வழக்குகள் தாமாகவே தெளிந்துவிடுகின்றன. 2010 ஆகஸ்டில் தம்புள்ளையில் சேவாக் 99 ரன்னில் நிற்க, இந்தியா வெற்றியின் விளிம்பில் இருக்க, இலங்கையின் சூரஜ் ரந்தீவ் வேண்டுமென்றே காலைக் கோட்டுக்கு மிக வெளியே வைத்து நோபால் வீசினார். சேவாக் அந்தப் பந்தை சிக்ஸருக்கு அடித்தும், நோபால் ரன்னோடு ஆட்டம் முடிந்துவிட்டதால் சதம் கணக்கில் ஏறவில்லை. இலங்கை வாரியமே ரந்தீவை ஓர் ஆட்டத்துக்கு நீக்கியது. யோசனை சொன்ன தில்ஷானுக்கு அபராதம் விதித்தது. ஆட்டம் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தது. அதில் வெல்லவேண்டியது எதுவும் மிச்சமில்லாதபோது மற்றவனுக்குக் கிடைக்கவேண்டியதை மறித்ததுதான் அது.

இதற்கு நேரெதிரான ஒன்று 2025 மே மாதம் பாங்காக்கில் நடந்தது. மகளிர் இருபது ஓவர் உலகக்கோப்பைக்கான ஆசியத் தகுதிச் சுற்றில் ஐக்கிய அரபு அமீரகம் கத்தாரை எதிர்த்து 16 ஓவரில் விக்கெட் இழப்பின்றி 192 எடுத்திருந்தது. ஈஷா ஓசா 113, தீர்த்தா சதீஷ் 74. மழை வரப்போகிறது. இதற்குமேல் ஆடினால் கத்தார் ஆடுவதற்கே நேரம் இருக்காது. ஆட்டம் முடிவில்லாமல் போகும். டிக்ளேர் செய்யலாம் என்றால், ரோஸ் புண்ணியத்தில் அந்த வழி எப்போதோ அடைக்கப்பட்டுவிட்டது. எனவே தொடக்க ஜோடி தாமாகவே ‘ரிட்டயர்ட் அவுட்’ ஆனது. அடுத்தடுத்து எட்டுப் பேர் காப்பு கட்டிக்கொண்டு வருவதும் ஒரு பந்துகூடச் சந்திக்காமல் திரும்புவதுமாகப் பத்து விக்கெட்டும் ‘விழுந்தது’. கத்தார் 29 ரன்னுக்குச் சுருண்டது. ரன் பட்டியலைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. ஆனால் ரோஸ் ஆட்டத்தை நடக்கவிடாமல் செய்யப் பயன்படுத்திய அதே காரியத்தை, ஆட்டம் நடக்க வேண்டும் என்பதற்காக இந்தப் பெண்கள் வேறு வாசல் வழியாகச் செய்தார்கள். யாரும் அவர்களைப் பழிக்கவில்லை.

இப்போது மன்கட் விவகாரத்துக்கு வரலாம். 1947 டிசம்பரில் சிட்னி டெஸ்டில் பந்துவீச ஓடிவந்த வினூ மன்கட், பந்தை வீசாமல் நின்று, மறுமுனையில் கோட்டைவிட்டு முன்னால் போய்க்கொண்டிருந்த பில் பிரவுனின் விக்கெட்டைத் தட்டினார். அதற்கு முந்தைய மாதம் இன்னொரு ஆட்டத்தில் அதே பிரவுனை ஒருமுறை எச்சரித்துவிட்டுத்தான் இதேபோல அவுட் ஆக்கியிருந்தார். எதிரணிக் கேப்டன் டான் பிராட்மன் தம் புத்தகத்தில் மன்கட் பக்கமே நின்றார்: விதி அப்படி இருக்க, பந்துவீச்சாளரைக் குறை சொல்வது எப்படி என்பதே அவர் கேள்வி. இருந்தும் முக்கால் நூற்றாண்டாக அந்தச் செயலுக்கு மன்கட்டின் பெயர் வசவாக ஒட்டிக்கொண்டது. முன்னால் நழுவிய பிரவுனின் பெயரை ஏன் வைக்கவில்லை என்று சுனில் காவஸ்கர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஆடுகளத்தின் நீளம் 22 கஜம், அதாவது 66 அடி. ஆனால் ஓடுபவர் கடக்க வேண்டியது கிரீஸிலிருந்து கிரீஸ் வரை, 58 அடி. பந்து கையை விட்டுப் போவதற்கு முன்பே மூன்றடி முன்னேறியவர் அந்தத் தூரத்தில் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் ஓடாமலேயே கடந்துவிடுகிறார். ரன் அவுட் பெரும்பாலும் ஓர் அங்குலம், இரண்டு அங்குலத்தில் தீர்மானமாகிற ஆட்டத்தில் இது பெரிய கொள்ளை. பந்துவீச்சாளர் ஓர் அங்குலம் கோட்டைத் தாண்டினால் நோபால், ஒரு ரன், ஓவர் வரம்புள்ள ஆட்டமானால் அடுத்த பந்தில் ஃப்ரீஹிட்டும். மட்டையாளர் மூன்றடி தாண்டினால் எச்சரித்து அனுப்ப வேண்டுமாம். எனக்கு இந்த நியாயம் எந்தக் காலத்திலும் பிடிபட்டதில்லை.

அஸ்வினுக்கும் பிடிபடவில்லை. 2012 பிப்ரவரியில் பிரிஸ்பேனில் இலங்கையின் லஹிரு திரிமன்னவை அவர் இப்படி ரன் அவுட் ஆக்கினார். நடுவர்கள் கேப்டனிடம் கேட்க, அன்றைக்குக் கேப்டனாக இருந்த சேவாக் டெண்டுல்கரோடு பேசிவிட்டு முறையீட்டைத் திரும்பப் பெற்றார். திரிமன்ன 62 ரன் எடுத்தார், இந்தியா தோற்றது. பரந்த மனதுக்குக் கைதட்டல் சேவாக்குக்குப் போனது. நடுவில் மாட்டிக்கொண்ட இளம் பந்துவீச்சாளர் என்ன நினைத்தார் என்று அப்போது கேட்டவர்கள் குறைவு. ஏழு ஆண்டு கழித்து, 2019 மார்ச் 25 அன்று ஜெய்ப்பூரில் ஓர் ஐபிஎல் ஆட்டத்தில், அவரே கேப்டனாக இருந்தபோது ஜோஸ் பட்லரை 69 ரன்னில் அதே முறையில் வெளியேற்றினார். இம்முறை திரும்பப் பெறச் சொல்ல மேலே யாருமில்லை. உலகமே அவர்மீது பாய்ந்தது. விதிகளின் உரிமையாளரான எம்சிசி முதல் நாள் விதிப்படி தவறில்லை என்றது. மறுநாள் யோசித்து, அவர் காத்து நின்ற நேரம் அதிகம், அது மாண்புக்கு ஏற்றதல்ல என்றது. அவர் காத்திருந்தது சரியா என்பது உண்மையிலேயே விவாதத்துக்கு உரியது. அந்த நொடியில் பந்து கையை விட்டுப் போயிருக்கும் என்று பட்லர் நம்பியிருக்கலாம். ஆனால் அப்படியானால் அது விதியின் கேள்வி. ஒழுக்கத்தின் கேள்வி அல்ல.

2022 செப்டம்பர் 24 அன்று லார்ட்ஸில் தீப்தி ஷர்மா, இங்கிலாந்தின் கடைசி ஜோடியில் 47 ரன் எடுத்து நின்ற சார்லி டீனை இவ்வாறே வீழ்த்தி ஆட்டத்தை முடித்தார். ஜூலன் கோஸ்வாமியின் கடைசி ஆட்டம் இப்படியா முடிய வேண்டும் என்று வருந்தினார்கள். அந்த இன்னிங்ஸின் ஒளிப்பதிவை ஒரு பத்திரிகையாளர் பொறுமையாகப் பார்த்து எண்ணினார்: அதற்கு முன் டீன் எழுபது தடவைக்கும் மேல் முன்கூட்டியே கிரீஸை விட்டுக் கிளம்பியிருந்தார். ஒரு வாரத்தில், அக்டோபர் 1 முதல், இந்த வகை ஆட்டமிழப்பு ‘முறையற்ற ஆட்டம்’ பற்றிய 41ஆம் விதியிலிருந்து ‘ரன் அவுட்’ பற்றிய 38ஆம் விதிக்கு மாற்றப்பட்டது. இந்த முடிவு அதே ஆண்டின் தொடக்கத்திலேயே அறிவிக்கப்பட்டிருந்தது. டீன் விவகாரம் அதற்குக் காரணமல்ல. 75 ஆண்டுகள் மாண்பு தீர்க்காத சண்டைக்கு, ஒரு பத்தியை ஓர் எண்ணிலிருந்து இன்னோர் எண்ணுக்கு நகர்த்தி முக்கால்வாசித் தீர்வு கண்டார்கள்.

தாராள மனதை நான் குறைத்துப் பேசவில்லை. 1987 உலகக்கோப்பையில் லாகூரில் கடைசிப் பந்து. பாகிஸ்தானுக்கு இரண்டு ரன் வேண்டும். ஒரு விக்கெட் மட்டுமே மீதி. சலீம் ஜாஃபர் கிரீஸை விட்டு வெளியே இருந்ததைக் கண்ட கோர்ட்னி வால்ஷ் நின்றார், விக்கெட்டைத் தட்டாமல் திரும்பிப் போய் மறுபடி ஓடிவந்து வீசினார். பாகிஸ்தான் வென்றது. மேற்கிந்தியத் தீவுகள் அரையிறுதிக்குப் போகவில்லை. 1980இல் மும்பை வான்கடேயில் இங்கிலாந்து 58க்கு 5 என்று தத்தளித்த பிறகு, பாப் டெய்லருக்கு நடுவர் கொடுத்த அவுட்டை ஏற்காமல் அவரைத் திரும்ப அழைத்தார் குண்டப்பா விஸ்வநாத். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் குவித்தார்கள். இந்தியா பத்து விக்கெட்டில் தோற்றது. அதன் பிறகு விஸ்வநாத் டெஸ்டில் கேப்டனாக இருக்கவில்லை. இவை கொடை. கொடுத்தவர் விலை தெரிந்து கொடுத்தார். இவற்றைக் காட்டி இன்னொருவரிடம் ‘நீயும் கொடு’ என்று கேட்பது வேறு காரியம். கொடுக்காதவனைக் கள்வன் என்று ஏசுவது அதைவிட வேறு.

ஆனால் என் அளவுகோல் தடுமாறும் இடங்களும் உண்டு. 2006 டிசம்பரில் கிரைஸ்ட்சர்ச்சில் சங்கக்கார ஒற்றையாளாகப் போராடிச் சதத்தை நெருங்கினார். மறுமுனையில் கடைசி ஆளாக முத்தையா முரளிதரன். சங்கக்கார நூறாவது ரன்னுக்கு அடித்தார். முரளி ஓடிவந்து கிரீஸில் மட்டையை ஊன்றிவிட்டு, நண்பனை வாழ்த்துவதற்காக உடனே திரும்பி நடந்தார். எல்லையருகிலிருந்து எறிந்த பந்து அப்போதுதான் வந்து சேர்ந்தது. நியூசிலாந்துக் கீப்பர் பிரெண்டன் மெக்கல்லம் பெயில்ஸைத் தட்டினார். முரளி அவுட், இலங்கை 170க்குச் சுருண்டது, டெஸ்ட் கைநழுவியது. விதியில் ஓட்டைகூட இல்லை. பந்து இன்னும் உயிரோடுதான் இருந்தது. முரளி ரன் எடுக்கவும் முயலவில்லை, ஓரடி திருடவும் முயலவில்லை. பிரவுனோடும் டீனோடும் அவரை ஒரே வரிசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. எதிராளி ஆதாயம் தேடி விதியோடு விளையாடும்போது பிடிப்பது ஒன்று. ஆதாயமே தேடாமல் அசந்திருக்கும்போது பிடிப்பது இன்னொன்று. பத்து ஆண்டு கழித்து, 2016இல் லார்ட்ஸில் கவுட்ரி நினைவு உரை ஆற்றியபோது மெக்கல்லம் இதற்காக முரளியிடமும் சங்கக்காரவிடமும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். கிரிக்கெட்டில் ஒருவர் இவ்வளவு தாமதமாகவும் இவ்வளவு நேர்மையாகவும் மன்னிப்புக் கேட்டது அரிது.

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2023 ஜூலை 2 அன்று அதே லார்ட்ஸில், ஜானி பேர்ஸ்டோ ஒரு பந்தைக் குனிந்து விட்டுவிட்டு, ஓவர் முடிந்ததாக நினைத்து கிரீஸை விட்டு நடந்தார். ஆஸ்திரேலிய கீப்பர் அலெக்ஸ் கேரி பந்தைப் பிடித்த கையோடு எறிந்து ஸ்டம்பைச் சாய்த்தார். பேர்ஸ்டோ முந்தைய சில பந்துகளிலும் அப்படி நடந்ததைக் கேரி கவனித்திருந்தார். பந்து அவர் கையில் தங்கி ஓயவில்லை. விதிப்படி சந்தேகமே இல்லாத அவுட். அதே டெஸ்டில் கீப்பராக நின்ற பேர்ஸ்டோவே லபுஷேனுக்கு எதிராக இதே வித்தையை முயன்றிருந்தார், குறிதான் தப்பியது. இங்கிலாந்துப் பயிற்சியாளராகப் பால்கனியில் கோபத்தோடு உட்கார்ந்திருந்தவர் யார் தெரியுமா? மெக்கல்லம். இனி அந்த அணியோடு பியர் குடிக்கத் தோன்றவில்லை என்ற பொருளில் அவர் பேசினார். பிரதமர்கள் ரிஷி சுனக்கும் ஆண்டனி அல்பனீசியும்கூட ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். லார்ட்ஸின் நீண்ட கூடத்தில் எம்சிசி உறுப்பினர்கள் உஸ்மான் கவாஜாவையும் டேவிட் வார்னரையும் வழிமறித்து வைதார்கள். மூன்று பேரைக் கிளப் இடைநீக்கம் செய்தது. 2000ஆம் ஆண்டில் கவுட்ரி, டெக்ஸ்டர் இருவரின் முயற்சியால் ‘ஆட்டத்தின் மாண்பு’ என்னும் முகவுரையை விதிகளுக்கு முன்னால் சேர்த்த அதே கிளப்பின் உறுப்பினர்கள்தான் இவர்கள்.

இதையெல்லாம் வெள்ளைக்கார நாடுகளின் பாசாங்கு என்று சொல்லி முடித்துக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. பாதி உண்மையும் அதில் உண்டு. ஆனால் 2023 நவம்பர் 6 அன்று டெல்லியில் நடந்தது இரண்டு ஆசிய அணிகளுக்கு இடையில். இலங்கையின் ஏஞ்சலோ மேத்யூஸ் களத்துக்கு வந்து, ஹெல்மெட் வார் அறுந்துவிட்டதென்று இன்னொன்று கேட்டு நின்றார். உலகக்கோப்பை விதிப்படி இரண்டு நிமிடத்துக்குள் பந்தைச் சந்திக்கத் தயாராக வேண்டும். வங்கதேசக் கேப்டன் ஷாகிப் அல் ஹசன் முறையிட்டார். திரும்பப் பெறுகிறீர்களா என்று நடுவர்கள் கேட்டபோதும் மறுத்தார். பன்னாட்டுக் கிரிக்கெட்டில் நேரம் தாண்டியதற்காக அவுட் ஆன முதல் ஆள் மேத்யூஸ். வார் அறுந்தபோதே நேரம் கடந்திருந்தது என்றார் நான்காவது நடுவர்; இல்லை என்று ஒளிப்பதிவைக் காட்டினார் மேத்யூஸ். 2007இல் கேப்டவுனில் சவுரவ் கங்குலி வருவதற்கு ஆறு நிமிடம் தாமதமானது. கிரேம் ஸ்மித் முறையிடாமல் விட்டார். இந்த இரண்டையும் பார்க்கும்போது ஷாகிப் விதியை மீறவில்லை என்பதும், ஸ்மித்தின் அணியில் ஆடுவதையே நான் விரும்புவேன் என்பதும் சேர்ந்தே தோன்றுகின்றன. முரளியைப் போல மேத்யூஸும் ஆதாயம் தேடியவர் அல்ல.

வாரியங்கள் கேப்டன்களின் மனசாட்சியை நம்புவதைச் சிறிது சிறிதாகக் கைவிட்டு வருகின்றன. ஓவர்களுக்கு இடையே நேரம் கடத்துவதைத் தடுக்க எத்தனையோ அறிவுரைகளும் அபராதங்களும் வந்தும் பலனில்லை. 2023 டிசம்பரில் ஐசிசி திரையில் ஒரு கடிகாரத்தை ஓடவிட்டது: அறுபது நொடிக்குள் அடுத்த ஓவர் தொடங்காவிட்டால் எச்சரிக்கை, மூன்றாவது முறை ஐந்து ரன் தண்டம். இப்போது ஓடுகிறார்கள்.

தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக ஆள் இறக்கும் விதியிலும் இதேதான் நடந்தது. உயிர்காக்கும் நல்ல நோக்கத்தில் வந்த விதி. பதிலாள் ஏறக்குறைய ‘ஒத்த வகை’ ஆட்டக்காரராக இருக்க வேண்டும், அதை ஆட்ட மேற்பார்வையாளர் தீர்மானிப்பார் என்று விட்டிருந்தார்கள். 2020 டிசம்பரில் கான்பெராவில் ஜடேஜாவுக்குப் பதிலாக வந்த சாஹல் மூன்று விக்கெட் எடுத்து ஆட்டநாயகன் ஆனார். ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் ஜஸ்டின் லாங்கர் மேற்பார்வையாளரிடம் வாதாடியது தொலைக்காட்சியில் தெரிந்தது. 2025 ஜனவரி 31 அன்று புனேயில், மட்டையாளராகவே பெரும்பாலும் பயன்படும் ஷிவம் துபேவுக்குப் பதில் முழுநேர வேகப்பந்துவீச்சாளர் ஹர்ஷித் ராணா இறங்கி மூன்று விக்கெட் எடுத்தார். இந்தியா பதினைந்து ரன்னில் வென்றது. இது ஒத்த வகை அல்ல என்று எதிரணியான இங்கிலாந்தின் கேப்டன் பட்லர் வெளிப்படையாகச் சொன்னார். இந்திய ரசிகர்களில் பலருக்கு அன்று மாண்பு நினைவுக்கு வரவில்லை, எனக்கும் ஆட்டம் முடியும்வரை வரவில்லை. அந்த ஆண்டு நடுவிலேயே புதிய விதி வந்துவிட்டது: ஒவ்வோர் அணியும் ஒரு கீப்பர், ஒரு மட்டையாளர், ஒரு வேகப்பந்துவீச்சாளர், ஒரு சுழற்பந்துவீச்சாளர், ஓர் ஆல்ரவுண்டர் என்று ஐந்து பதிலாட்களின் பெயரை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். துபே எந்தக் கட்டத்தில் வருவார், ஆல்ரவுண்டர் என்று எழுதிக்கொடுப்பவர் உண்மையில் எவ்வளவு பந்து வீசுபவராக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்த விதி சொல்லவில்லை.